காசு கொடுக்கிற பிள்ளைகள்

அவளுக்கு 'டியூப்' என்று பெயர் வைத்தது அவள் அண்ணன்தான். அப்பாவுக்கு டயர் கடை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து உடனே பதில் வராது என்பது. பழைய டியூப் லைட் சுவிட்சைப் போட்டதும் எரியாமல், கண்ணைச் சிமிட்டி, எரியலாமா வேண்டாமா என்று யோசித்து, நாம் நாற்காலி தேடி உட்கார்ந்த பிறகு எரியுமே, அந்த மாதிரி. "சாப்பிட்டியா?" என்று கேட்டால், கேட்டவர் தட்டைக் கழுவி வைத்த பிறகு "இன்னும் இல்ல" என்பாள். அண்ணன் கேலிக்கு வைத்த பெயர் தெருவுக்குப் பரவி, கடைக்கு வரும் லாரி ஓட்டுநர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வருவதற்கும் அவளுக்கு நேரம் பிடிக்கும். அது வந்து சேர்வதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டாள். அதே வருடம் அப்பாவுக்கு லாரி டயர் ஒன்றைத் தூக்கும்போது தோள்பட்டை பிசகிவிட்டது. அண்ணனோ கையில் கறை படாத வேலையாகப் பார்த்து ஒரு துணிக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். "மறுபடி பரீட்சை எழுதற வரைக்கும் கொஞ்ச நாள் கடையைப் பாத்துக்கோ" என்றார் அப்பா. அந்தக் கொஞ்ச நாள் இன்றுவரை முடியவில்லை.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் யாரும் எதிர்பார்க்காதது. கழற்றிய டியூபில் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்ப வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அவசரப்பட்டால் கண்ணில் படாது. பேச வேண்டிய அவசியமும் இல்லை. கம்ப்ரசர் ஓடும்போது பேசினாலும் யாருக்கும் கேட்காது. அவளுக்கு அதுவே வசதியாக இருந்தது.

அப்படி ஒரு நாள் மதியம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கழுத்தில் கயிற்றில் கோத்த ஒரு கொத்துச் சாவி. வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. வெளியூர் அறக்கட்டளை ஒன்றில் வேலை, இந்தப் பக்கத்து இளைஞர்களுக்காக ஒரு நிதி வந்திருக்கிறது, அதற்கு ஆள் தேடி அலைகிறேன், ஆணி குத்திவிட்டது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"நீயே சொல்லேன். இந்த ஏரியாவுல உன் வயசுப் பிள்ளைங்களுக்கு என்ன இல்லாம கஷ்டமா இருக்கு?"

அவள் டியூபைத் தேய்த்தாள், ஒட்டுப் போட்டாள், அழுத்திப் பிடித்தாள், சக்கரத்தை மாட்டினாள். வந்தவள் காசைக் கொடுத்துவிட்டு, 'இது ஊமைப் பெண் போலிருக்கிறது' என்று நினைத்தோ என்னவோ, தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

"உக்கார எடம் இல்ல."

"என்னது?"

"பசங்க மதில் மேல உக்காருவாங்க. டீக்கடையில உக்காருவாங்க. பொண்ணுங்க நாங்க எங்க உக்காருவோம்? நின்னுக்கிட்டே பேசிட்டு, நின்னபடியே வீட்டுக்குப் போயிடறோம்."

வந்தவள் வண்டியை அணைத்தாள். ஸ்டாண்டு போட்டாள். திரும்பி வந்து, அடுக்கி வைத்திருந்த டயர்கள் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அவளைத்தான் பிறகு எல்லோரும் 'சாவி அக்கா' என்று கூப்பிட்டார்கள்.

விஷயம் இதுதான். இளைஞர்கள் ஏதாவது கற்றுக்கொள்ள, கற்றுக்கொண்டதை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள, அவர்களே யோசித்த திட்டங்களுக்கு அறக்கட்டளை பணம் தரும். யாருக்குத் தருவது என்பதை முடிவு செய்வதும் இளைஞர்கள்தான். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. முடிவு செய்யும் அந்தக் குழுவில் நீயும் சேர் என்றாள் சாவி அக்கா.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"காசு குடுக்கப் போறியா? நம்மகிட்டயே இல்ல, நீ போய் ஊருக்குக் குடுக்கப் போறியா?"

"நம்ம காசு இல்லப்பா."

"அப்ப யாரு காசு?"

"யாரோ குடுத்தது."

"யாரோ குடுத்ததை யாருக்கோ குடுக்க நீ எதுக்கு நடுவுல?"

அம்மாதான் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "போயிட்டு வரட்டுமே. நாள் முழுக்க இங்க கிரீஸுல ஊறிட்டுக் கிடக்கு. நாலு பேர் முகத்தைப் பாக்கட்டும்." அம்மா சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. தோள் சரியாகாத வரை தைலம் தேய்த்துவிட ஆள் வேண்டுமே.

நூலகத்துக்கு மேலே ஒரு மாடி அறை. வெளிப்பக்கமாக இரும்புப் படி. ஏறினால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அதிரும். உள்ளே ஒரு நீள மேசை, ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள், மழை பெய்தால் மட்டும் திறந்துகொள்ளும் ஒரு ஜன்னல். அவளோடு சேர்த்து ஏழு பேர். அவர்களில் இரண்டு பேரைத்தான் சொல்ல வேண்டும். ஒருவன் எதற்கெடுத்தாலும் வாதாடுவான். காலண்டரில் இன்று என்ன கிழமை என்று போட்டிருந்தாலும் "அது அச்சடிச்சவன் கருத்து" என்பான். அவனுக்கு 'வக்கீல்' என்று பெயர். இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் செவிலியர் பயிற்சியில் இருந்தவள். வேலை முடிந்து சீருடையோடே ஓடி வருவாள். 'நர்ஸ்' என்றே கூப்பிட்டார்கள்.

முதல் சில கூட்டங்களில் டியூப் வாயே திறக்கவில்லை. நகக்கண்ணில் கறுப்பு படிந்த கைகளை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். மற்றவர்கள் பேசப் பேச அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று உருண்டு திரண்டு மேலே வரும். அது தொண்டையை எட்டும்போது அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். விழுங்கிவிடுவாள்.

ஒரு நாள் நர்ஸ்தான் அதைக் கவனித்தாள். "இரு இரு, இவ ஏதோ சொல்ல வர்றா."

"ஒண்ணும் இல்ல."

"இருக்கு. உன் கழுத்து நரம்பைப் பாத்தாலே தெரியுது. எனக்கு அதுதானே படிப்பு. சொல்லு, நாங்க காத்துட்டிருக்கோம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். அது நீண்ட நேரம்போல இருந்தது. தன் வாயைப் பார்த்துக்கொண்டு இத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று அவள் சொன்னது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பணம் கேட்டு வந்த ஒரு தட்டச்சு வகுப்பை இருட்டும் முன் முடித்தால் பெண்களும் வர முடியும், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது நடை வேறு மாதிரி இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, "என்ன, செருப்பு புதுசா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளமாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். அதற்குச் சாட்சி காளான்.

இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒரு கட்டடத்தின் நிலவறையில் காளான் வளர்க்கப் போகிறோம், வேலையில்லாத பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம் என்றார்கள். ஒருவன்தான் பேசினான். மற்றவன் தரையைப் பார்த்தபடி நின்றான். வக்கீலுக்குத் திட்டம் பிடிக்கவில்லை. டியூபுக்குப் பிடித்துவிட்டது. தரையைப் பார்த்தபடி நின்றவனைப் பார்த்து மனசு இளகியதுதான் உண்மையான காரணம். ஆனால் அவள் காளானைப் பற்றித்தான் பேசினாள். இருட்டில் வளரும், இடம் அதிகம் வேண்டாம், நல்ல விலை போகும் என்று, ஏதோ காளானுக்கே பிறந்தவள்போல அடித்துப் பேசினாள். வக்கீலே வாயடைத்துப் போனான். பணம் கொடுத்தார்கள்.

காளான் வரவில்லை. வாசனை மட்டும் வந்தது. அது என்ன வாசனை என்று சொல்ல முடியாது. ஆனால் மேல்மாடியில் குடியிருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து தெருவில் போகிறவர்களையெல்லாம் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் கட்டடக்காரர் வைக்கோலையும் பைகளையும் தூக்கி வெளியே போட்டார்.

அன்று மாடி அறைக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. யாரோ நம்பிக் கொடுத்த காசு. தான் வாய் கொடுத்துத்தானே இப்படி ஆனது? சாவி அக்கா திட்டுவாள், இனி வர வேண்டாம் என்பாள் என்று நினைத்துக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தாள். சாவி அக்கா திட்டவில்லை. காளான் நண்பர்களைக் கூப்பிட்டு, "என்ன ஆச்சுன்னு சொல்லுங்கப்பா" என்றாள். அப்போதுதான் அந்தத் தரையைப் பார்க்கிறவன் தலையை நிமிர்த்தினான். எங்கே ஈரம் அதிகமானது, எங்கே காற்றோட்டம் குறைந்தது, எந்தப் பை முதலில் கறுத்தது, வேறு யாராவது செய்தால் எதைச் செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கேள்வி கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனான். அவனோடு வந்த நண்பனே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"காளான் வரலைன்னா என்ன, இவன் வந்துட்டானே" என்றாள் நர்ஸ் மெதுவாக.

அந்த வருடம்தான் அவர்களுக்குத் தெருவில் ஒரு பெயர் வந்தது: 'காசு கொடுக்கிற பிள்ளைகள்.' மளிகைக்கடைக்காரர், "என்ன டியூப், எனக்கும் ஏதாவது குடுக்கக் கூடாதா? எனக்கும் மனசு இளமைதான்" என்பார். ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடப்பவர்களுக்காகக் கதைகளை வாசித்து கேசட்டில் பதிவு செய்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். மிதிவண்டி ஓட்டத் தெரியாத அம்மாக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்று வந்த சிறுமிகளுக்குக் கொடுத்தார்கள். டியூபின் அம்மாவும் போய் ஒரு நாள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். "இது யாரு காசு?" என்று அப்பா அதற்கும் கேட்டார்.

கொடுப்பது சுலபம். கஷ்டமானது மற்றது. இல்லை என்று முடிவு செய்தால், யாராவது ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பது விதி. அதுவரை டியூபுக்கு அந்த வேலை விழவில்லை. தாளம் வந்தபோது விழுந்தது.

பேக்கரியில் வேலை செய்யும் பையன் அவன். சட்டைக் கையில் எப்போதும் மாவு இருக்கும். விரல்கள் சும்மா இருக்காது. கதவு, கம்பி, அடுத்தவன் முதுகு என்று எது கிடைத்தாலும் தட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் 'தாளம்.' நண்பர்களோடு சேர்ந்து ஒரு இசைக்குழு தொடங்கப் போகிறோம், டிரம் வாங்கப் பணம் வேண்டும் என்று வந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த நீள மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான் பாருங்கள்! வக்கீல் காலை ஆட்டத் தொடங்கினான். கீழே நூலகத்திலிருந்து யாரோ கூரையைக் கம்பால் இடித்தார்கள். அதையும் அவன் தாளத்தில் சேர்த்துக்கொண்டான். அறையே சிரித்தது. கேள்வி கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள் போலிருந்தது.

"உங்ககூட புதுசா யாரெல்லாம் சேரலாம்?" என்று கேட்டாள் டியூப். வழக்கம்போல எல்லாம் முடிந்த பிறகு.

"புதுசாவா? எதுக்கு? நாங்களே போதும். நல்லா வாசிக்கிறவங்க மட்டும்தான்."

பணம் நாலு பேரைச் சேர்த்துக் கற்றுக்கொள்ளத்தான்; நண்பர்கள் தங்களுக்காகப் பொருள் வாங்கிக்கொள்ள அல்ல. அது எல்லோருக்கும் தெரியும். மனமில்லாமல்தான் இல்லை என்று முடிவு செய்தார்கள்.

"யாரு போய்ச் சொல்றது?" என்றாள் சாவி அக்கா.

"கேள்வி கேட்டது யாரோ அவங்கதான்" என்றான் வக்கீல். வாழ்க்கையில் அன்று ஒரு நாள் அவன் சொன்னதை யாரும் எதிர்க்கவில்லை.

மறுநாள் காலை முழுக்கக் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதன் இரைச்சலுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மதியம் பேக்கரிக்குப் போனாள். அவன் கல்லாவில் நின்றிருந்தான். வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. "என்ன வேணும்?" என்றான். "ஒரு ரொட்டி" என்றாள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனை வரை போனாள். திரும்பி வந்து மறுபடி வரிசையில் நின்றாள். மறுபடி ரொட்டி. மூன்றாவது தடவை அவள் முறை வந்தபோது அவன் கேட்டான்:

"வீட்டுல விருந்தாளியா, இல்ல எனக்குப் பதில் சொல்ல வந்தியா?"

"இல்லைன்னு முடிவாயிடுச்சு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் காரணத்தைச் சொன்னாள். காலையிலிருந்து பழகியதில் பாதி மறந்துவிட்டது. மீதியைச் சொன்னாள்.

"நீ யாரு எனக்குச் சொல்ல?"

"யாரும் இல்ல. ஆனா யாராவது வந்து சொல்லணும் இல்ல? சொல்லாம விட்டா நீ காத்துட்டே இருப்ப."

"காரணத்தை வச்சுத் தாளம் போட முடியுமா?" என்று கேட்டுவிட்டு அவன் அடுப்புப் பக்கம் போய்விட்டான்.

ரொட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நடந்தாள். கண்ணைக் கரித்தது. தபால் பெட்டி வரை வந்த பிறகுதான் சொல்ல வேண்டிய பதில் வந்தது. வந்ததைச் சும்மா விட மனமில்லை. திரும்பி நடந்தாள், வரிசையில் நிற்காமல் நேராகக் கதவருகே போய் உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"மேசையில தாளம் போட்டியே, அதுக்கு யாரு காசு குடுத்தா? நல்லாத்தானே இருந்துச்சு!"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது மடல் சூடாக அவள் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டாள். அன்றும் மறுநாளும் வீட்டில் ரொட்டிதான்.

கொஞ்ச நாள் கழித்து அவன் டயர் கடைக்கு வந்தான். எண்ணெய் டின் ஒன்றைத் தூக்கி வந்திருந்தான். "பழைய டியூப் இருக்குமா? இனிமே ஒட்டுப் போட முடியாதது." அவள் குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதை வெட்டி, டின்னின் வாயில் இழுத்துக் கட்டி, தட்டிப் பார்த்தான். சத்தம் கனமாக, நன்றாகவே வந்தது. கூட இருந்து இழுத்துப் பிடித்ததில் அவளுக்குக் கை சிவந்துவிட்டது. டின் கொண்டு வருகிற எவனும் சேரலாம் என்று அவன் சொல்லிவிட்டான்போல. அடுத்த வாரமே கடைவாசலில் டின்னும் வாளியுமாகப் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். பெண்பிள்ளைகளும் வந்தார்கள். அப்பா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, "நம்ம தொழிலு டயரா, கொட்டா?" என்று கேட்டார். பஞ்சு இருந்ததால் பதில் அவருக்குக் கேட்கவில்லை.

அடுத்த சுற்றில் தாளம் மறுபடி மாடி அறைக்கு வந்தான். இந்தத் தடவை பின்னால் ஒரு படையே இருந்தது. படி அதிர்ந்த அதிர்வில் நூலகர் வெளியே ஓடி வந்துவிட்டார். அவர்கள் வாசித்துக் காட்டிவிட்டு வெளியே போனதும் வக்கீல் எழுந்தான்.

"இதுல டியூப் உக்காரக் கூடாது."

"ஏன்?"

"அவன் தினமும் உங்க கடையில நிக்கிறான். அவனுக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. எதுக்கு நிக்கிறான்?"

நர்ஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாவி அக்கா தொண்டையைச் செருமினாள். "விருப்பு வெறுப்பு இருக்கறவங்க வெளிய இருக்கணும். அது விதிம்மா."

டியூப் யோசித்தாள். நேர்மையாகத்தான் யோசித்தாள். "வெறுப்பு ஒண்ணும் இல்லையே" என்றாள்.

அறை வெடித்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, சிரிப்புச் சத்தத்தை முதுகில் வாங்கிக்கொண்டு இரும்புப் படியில் இறங்கும்போதுதான் புரிந்தது. புரிந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு படி கீழே தாளம் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் கீழே தெருவில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"உன்னையும் அனுப்பிட்டாங்களா?"

"ம்."

"உள்ள இருந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

கீழே ஒரு பிள்ளை விழுந்து, எழுந்து, மறுபடி ஓடியது. சாயங்கால வெயில் படிக்கம்பிகளின் நிழலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. இது இன்றும் அவள் நினைத்துப் பார்க்கிற விஷயம்: அவன் இரண்டாம் தடவை கேட்கவே இல்லை.

"கை தூக்கணும்னுதான் இருக்கும். நல்லா இருக்கோ இல்லையோ, தூக்கணும்னு இருக்கும். அதனாலதான் வெளிய அனுப்பிட்டாங்க."

படிக்கம்பியைத் தட்டிக்கொண்டிருந்த அவன் விரல்கள் நின்றன. அவனைப் பார்த்த நாளிலிருந்து அவை நின்று அவள் பார்த்ததில்லை. கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தபோது ஏண்டா திறந்தாள் என்று இருந்தது.

"டிரம் கிடையாது" என்றாள் நர்ஸ். "டின்னே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா நீங்க வாசிச்சுப் பழக ஒரு கொட்டகைக்கு வாடகையும், முறையாச் சொல்லிக்குடுக்க ஒரு ஆளும் உண்டு. சரியா?"

தாளம் சிரித்தான். "ரெண்டாவது தடவையும் இல்லையா?"

"இந்தத் தடவை நான் சொல்லலை" என்றாள் டியூப்.

மூன்றாவது வருடக் கடைசியில் நிதி முடிந்தது. அறக்கட்டளை வேறு ஊருக்குப் போகிறது என்றாள் சாவி அக்கா. முன்பே தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் தெரிந்த விஷயமும் நடக்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. கடைசி நாளில் பணம் வாங்கியவர்கள், வாங்காதவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். அறையைப் பூட்டி ஒப்படைக்கப் போனால், சாவி அக்காவின் அத்தனை சாவிகளில் அந்த ஒரு சாவியை மட்டும் காணோம். ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். யாரும் கிடைக்க வேண்டும் என்று தேடியதாகத் தெரியவில்லை. கதவைச் சும்மா சாத்திவிட்டு இறங்கினார்கள். அதற்குப் பிறகும் சில வாரங்கள், வேறு பூட்டு வரும் வரை, ஒருவரோ இருவரோ சாயங்காலத்தில் மேலே போய் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். தீர்மானிக்க ஒன்றும் இல்லை. வெறுமனே பேசினார்கள்.

கல்யாணத்துக்கு அப்பா மறுப்புச் சொல்லவில்லை. "பேக்கரிக்காரனா? நல்லது. காலையில ரொட்டிக்கு அலைய வேண்டாம்" என்றார். யாராவது கேட்டால் மாப்பிள்ளை இன்றும் சொல்வார்: "ரெண்டு தடவை இல்லைன்னுட்டாங்க. மூணாவது தடவை வேற விஷயம் கேட்டேன்."

பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. கொட்டகைக் குழு சில வருடங்கள் ஓடியது. கொட்டகையை இடித்தபோது கலைந்தது. அதில் இருந்த ஒருத்தி கப்பலில் போகும் இசைக்குழு ஒன்றில் வாசிக்கிறாள். மற்றவர்கள் வேலை, வீடு என்று இருக்கிறார்கள். விசேஷத்தில் யாராவது வாளியைக் கவிழ்த்துப் போட்டால் கை தானாகப் போகிறது என்பார்கள். தரையைப் பார்க்கிறவன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனான். வக்கீல் வக்கீல் ஆகவில்லை, காப்பீடு விற்கிறான். அவனிடம் இல்லை என்று சொல்லித் தப்பித்தவர்கள் குறைவு. ஏழு பேரில் ஒருவன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டான். சாவி அக்கா எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. டியூப் கணக்குப் பரீட்சையை மறுபடி எழுதினாள். மறுபடி கோட்டை விட்டாள். சந்தைக் கடைக்காரர்கள் சங்கத்துக்கு அவளைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது அதை முதலிலேயே சொல்லிவிட்டாள்: "கணக்கு எனக்கு வராது. அதுக்கு வேற ஆளைப் பாருங்க. சண்டை தீர்க்கறதுன்னா வர்றேன்." சண்டை நிறைய இருந்தது. பல வருடமாக அவள்தான் செயலாளர்.

போன மாதம் நர்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்து, மூக்குக் கண்ணாடியோடு கடைவாசலில் வந்து நின்றபோது டியூபுக்கு அடையாளம் தெரியவில்லை. சிரித்த பிறகுதான் தெரிந்தது. கல்லாவை மகளிடம் விட்டுவிட்டு இருவரும் டீ குடித்தபடி சாயங்காலம் வரை பேசினார்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் இன்னும் புரியல" என்றாள் நர்ஸ். "நமக்கு அப்ப என்ன வயசு? என் பையன் அந்த வயசுல சட்டையை எங்க கழட்டிப் போட்டோம்னு தெரியாம தேடிட்டு இருந்தான். என்ன தைரியத்துல நம்மகிட்ட அவ்வளவு பெரிய பொறுப்பைத் தூக்கிக் குடுத்தாங்க?"

"பயந்திருப்பாங்க. நம்மகிட்ட காட்டிக்கல."

"ஆஸ்பத்திரியில எத்தனையோ பேருக்கு வேலை பழக்கிவிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளுக்குள்ள உதறும். அப்பெல்லாம் அந்த அக்கா நெனப்புதான் வரும். பாவம், நம்மளால எத்தனை நாள் தூங்காம இருந்தாளோ."

நர்ஸுக்குப் பேருந்துக்கு நேரம் இருந்தது. நடந்து போகலாம் என்று கிளம்பினார்கள். நூலகம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த செல்போன் கடை. இரும்புப் படியும் இல்லை, மாடியும் வேறு மாதிரி. ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எதிர்ப் பக்கம் நின்று ஒருத்தி இங்கே என்றாள், ஒருத்தி அங்கே என்றாள். கடையிலிருந்த இளம்பெண் இவர்கள் விரல் நீட்டுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன வேணும் ஆன்ட்டி?"

"ஒண்ணும் வேணாம்மா" என்றாள் நர்ஸ். "சும்மா பாத்துட்டிருக்கோம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு உள்ளே போனாள். பேருந்து போய்விடும் என்று தெரிந்தும் இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார்கள்.